ஓவர்வாட்ச்: குவிக் பிளேயும் காம்பெட்டிட்டிவும்

பிளிசார்ட் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட இணையவழிக் குழு ஆட்டம். அன்று அணிக்கு ஆறு பேர். 2022இல் வந்த ஓவர்வாட்ச் 2இல் ஐவர். முதல் ஓவர்வாட்ச் வெளியான மறுமாதமே காம்பெட்டிட்டிவ் என்னும் தரவரிசை ஆட்டம் சேர்ந்தது. வென்றால் தரம் ஏறும், தோற்றால் இறங்கும், பாதியில் விலகினால் தண்டனை உண்டு. குவிக் பிளே என்னும் சாதாரண ஆட்டத்தில் தரம் வெளியே தெரியாது. ஆனாலும் எதிரணியைத் தேர்ந்தெடுக்க மறைவான ஒரு மதிப்பெண் அங்கும் இயங்குகிறது.

வேலை முடிந்து அரைமணி நேரம் ஆட வருபவர் குவிக் பிளேயில் புதுப் பாத்திரத்தைப் பழகிப் பார்ப்பார். வெற்றியையே குறியாகக் கொண்டவருக்கு அது பொறுப்பின்மையாகப் படும். எல்லாரும் தாக்குபவராகவே நின்று, காயம் ஆற்ற ஆளில்லாமல் அணி தோற்பதுதான் நெடுநாள் சச்சரவு. 2019இல் காப்பவர், தாக்குபவர், ஆற்றுபவர் என்று இருவர் இருவராக இடம் வரையறுக்கப்பட்டது. அதில் சச்சரவு தணிந்தது. விருப்பம்போல் மாறி ஆடும் சுதந்திரமும் குறைந்தது. என் கணிப்பில் இது பெரிய இழப்பே. சச்சரவைத் தணிக்க 2018இல் வந்த பாராட்டு முறை இன்னும் நல்ல வழி: ஆட்டம் முடிந்ததும் பண்போடு ஆடியவரை மெச்சலாம்; தொடக்கத்தில் எதிரணியினரையும்கூட மெச்ச முடிந்தது.