பூக்காலமும் பூப்பெயரும்

தமிழில் பூப்பெயர்கள் பல. அப்பெயருக்குரிய பூவைக் காட்டில் கண்டு, 'இது இன்னது' என்று சுட்டவல்லார் சிலர். இந்நிலை ஒருநாளில் வந்ததன்று. பெயரும் பூவும் எவ்வாறு பிரிந்தன, அவற்றை மீண்டும் இணைக்க யார் யார் முயன்றனர் என்பது தமிழ்க் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியாகும். கவிதை எழுதுவோர் அறியவேண்டிய பகுதியும் அதுவே.

பூக்களைப் பற்றிய பேச்சு எழுந்தால் எல்லாரும் முதலில் நினைப்பது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில், அருவியாடிய மகளிர் பறித்துப் பாறையில் குவித்தனவாக 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. ஆயின் அப்பட்டியலை நுணுகி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மலைக்குரிய காந்தளும் வேங்கையும் அங்கு உள. கடற்கரைக்குரிய தாழையும் அடும்பும் உள. கோடையில் மலரும் பாதிரியும், மழைக்காலத்துப் பிடவமும் உள. இவையனைத்தும் ஒரே நாளில் ஒரே மலைச்சாரலில் பூத்தல் இயலாது. எனவே இது கண்டெழுதிய குறிப்பு அன்று. பெயர்களைத் தொகுத்து வைத்த களஞ்சியம் எனல் பொருந்தும்.

பூவை அடையாளம் காட்டுவன தனிப்பாடல்களே. ஒரு பூவைச் சொல்லும்போது அது மலரும் பருவத்தையும், தண்டின் நிறத்தையும், இதழின் வடிவையும் ஓர் அடைமொழிக்குள் அடக்கிவிடுவது சங்கப் புலவர் வழக்கு. குறிஞ்சியின் தண்டு கரியது என்பதும், அதன் பூவில் தேன் மிகுதி என்பதும் குறுந்தொகை மூன்றாம் பாடலால் அறியப்படும். பட்டியல் பெயரைக் காத்தது. தனிப்பாடல் பூவைக் காத்தது.

இதற்குத் தக்க சான்று கொன்றை. முல்லைத் திணைக்குரிய கார்காலத்தை, அதாவது ஆவணியும் புரட்டாசியுமாகிய திங்கள்களை, அறிவிக்கும் மரமாகப் புலவர் கொன்றையைப் பாடினர். குறுந்தொகை 21-ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி, கொன்றை பூத்துக் 'கார் வந்தது' என்றாலும் தான் நம்பமாட்டாள் என்கிறாள்; தலைவன் பொய் கூறான் என்பது அவள் துணிவு. 66-ஆம் பாட்டிலோ தோழி, பருவமல்லாப் பருவத்து மழையைக் காரென மயங்கிப் பூத்த கொன்றை அறிவற்றது என்கிறாள். இன்று நாம் காணும் சரக்கொன்றை பெரும்பான்மையும் சித்திரை முதல் ஆனி வரை மலர்வது. கேரளத்து விசுக்கணியில் இடம்பெறுவதும் அப்பூவே. எனினும் இடையே மழை பெய்தால் காலம் தப்பியும் ஆங்காங்கே பூப்பதுண்டு. அக்காலம் தப்பிய பூப்பைக் கண்ணாற் கண்டவரே 66-ஆம் பாட்டைப் பாடியிருத்தல் கூடும். மரத்தடியில் நின்று பாராதவருக்கு அப்பாட்டின் நயம் பாதியே விளங்கும்.

14-ஆம் நூற்றாண்டில் உரை வகுத்த நச்சினார்க்கினியர் காலத்திலேயே சில பெயர்கள் அயன்மையுற்றிருந்தன. பகன்றையைச் சிவதை எனவும், குடசத்தை வெட்பாலை எனவும், வகுளத்தை மகிழ் எனவும், செருவிளையை வெண்காக்கணம் எனவும் அவர் தம் காலத்து வழக்குப் பெயரால் விளக்கினார். அவ்விளக்கங்களே இன்றும் நமக்கு ஊன்றுகோல். ஆயின் அனிச்சம், எறுழம், பயினி முதலியவற்றிற்குப் 'பூ' என்னும் சொல்லை மட்டும் சேர்த்துச் சென்றார். அனிச்சம் எது என்னும் வினா இன்றுவரை தீரவில்லை.

பின்னர்ப் பெயர்களே அழியும் நிலையும் வந்தது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடியபோது, குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்ப் பகுதியில் சில விடுபட்டிருந்தன. தருமபுர மடத்து ஏடு அக்குறையைத் தீர்த்தது. 1889-இல் நூல் அச்சேறியது. பெயர் மீண்டது; பூ மீளவில்லை.

பூவை மீட்கும் பணியைத் தாவரவியலார் வேறொரு வழியில் தொடங்கியிருந்தனர். இராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களைக் கொண்டு தென்னாட்டுச் செடிகளை வரைவித்து, 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். 1915-இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல், செடிகளின் தமிழ் வழக்குப் பெயர்களையும் குறித்தது. இவ்விரு மரபுகளையும், அதாவது ஏட்டையும் காட்டையும், ஒருங்கே வைத்து நோக்கியவர் பி. எல். சாமி. அவரது 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' 1967-இல் வெளிவந்தது.

ஏட்டறிவுக்கு நிகரான மற்றொரு கருவூலம் மக்கள் வழக்கு. செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்று ஒரு பெயர் உண்டு. பூக்கும் காலம் அப்பெயரிலேயே நிற்கிறது. அதன் கிழங்கை நோக்கிக் கலப்பைக் கிழங்கு என்பாரும் உளர். இதழ்கள் அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் நெளிந்து நிற்பதைக் கண்டவர், புலவர் அதனை மகளிர் விரலுக்கும் எரியும் சுடருக்கும் ஏன் உவமித்தனர் என்று வினவமாட்டார். கோயில்களும் பூவறிவைக் காத்தன. திருப்பாதிரிப்புலியூர் பாதிரியையும், ஆவுடையார்கோயில் குருந்தையும் தலமரமாகப் போற்றின. தில்லை என்று பெயர் பெற்ற ஊருக்கு அருகே, பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் தில்லைமரம் இன்றும் வளர்கிறது. கண்ணில் பட்டால் ஊறு செய்யும் அதன் பாலை அறிந்தவர், அம்மரத்தைப் பாடும்போது சொல்லைச் சற்று எண்ணியே இடுவர்.

இவ்வறிவு கைமாறும் வழிகள் இன்று அடைபட்டு வருகின்றன. வறண்ட நிலங்களைச் சீமைக்கருவேலும், காட்டோரங்களை உண்ணிச்செடியும் மூடின. பழனிமலைப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நடப்பட்டபோது குறிஞ்சி வளரும் இடம் சுருங்கிற்று. குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. 2030-இல் மீண்டும் பூத்தல் வேண்டும். ஒரு பூப்பைக் காணத் தவறியவர் பன்னீராண்டு காத்திருத்தல் வேண்டும். செடியே இல்லாதொழியின் காத்திருப்பதில் பயனில்லை.

நம் வட்டத்தின் அகவை பத்து. குறிஞ்சியின் ஒரு சுற்றினும் அது இரண்டாண்டு குறைவு. எனினும் இக்கால அளவில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பூக்கும் மரம், செடி, கொடிகளை, பூத்த நாள், இடம், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றுடன் குறித்து வருதல் வேண்டும். களையெடுக்கும் பெண்டிரும் ஆடு மேய்ப்பாரும் சொல்லும் பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுதுதல் வேண்டும். எந்தப் பழம்பெயரின் எச்சம் அதனுள் இருக்கும் என்பதைப் பின்வருவோர் ஆய்ந்து கொள்வர். கவிஞர்கள் தம் பாட்டில் ஒரு பூவை வைக்குமுன் ஒருமுறையேனும் அதன் முன் நிற்பாராயின், உரையாசிரியர் 'பூ' என்று மட்டும் எழுதிச் செல்லும் நிலை நம் காலத்துப் பாடல்களுக்கு நேராது.