சொல்லும் குறியும்: கணக்கதிகாரத்தை முன்வைத்து

மொரப்பூர்க் கடைத்தெருவில் கால் கிலோ பருப்பு கேட்கிறோம். வீட்டுக்கு வந்து கணக்கெழுதும்போது அதையே 1/4 என்று குறிக்கிறோம். முன்னது சொல், பின்னது குறி. கணக்கைத் தெளிவுற எழுத இவற்றுள் எது ஏற்றது?

ஐரோப்பாவில் இராபர்ட் ரெகார்டு 1557இல் சமக்குறியை அறிமுகப்படுத்தினார். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்கவே அதைக் கொண்டதாக அவரே கூறினார்.

தமிழில் குறிகளுக்குப் பஞ்சமில்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் (௰, ௱, ௲) இருந்தன, பின்னங்களுக்கும் இருந்தன. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முந்திரிகைக்கும் கீழான நில அளவுகள் சொல்லால் பொறிக்கப்பட்டுள்ளன. காலின் குறி வகரத்தையும், ஒன்றின் குறி ககரத்தையும் ஒத்தவை. சொல்லில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

பின்னப் பெயர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16. அதன் பெயர் மாகாணி! கூட்டல் பெயருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1/16 என்னும் குறியில் இந்த உறவு தெரிவதில்லை.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளில் தரும் வட்ட விதியும் இத்தகையதே. அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். கி.பி. 499இல் எழுந்த ஆரியபட்டீயமும் இவ்விதியையே வடமொழியில் கூறுகிறது. 'பை'யின் மதிப்பை அறியாதவரும் கயிற்றால் அளந்து களத்தின் பரப்பைக் காணலாம், விதியில் பிழையேதுமில்லை. 'பை ஆர் ஸ்கொயர்' என்று ஒப்பிக்கும் மாணவர் எதை எதனால் பெருக்குகிறோம் என்பதை மறந்துவிட இடமுண்டு.

இதனால் குறியைப் பழிக்க வேண்டியதில்லை. செய்யுளும் ஒருவகைச் சுருக்கெழுத்தே. அதில் 'தாக்குதல்' பெருக்கலையும் 'குழி' பரப்பையும் சுட்டுவதை உரையாசிரியர் விளக்கினாலன்றி நமக்கு விளங்காது. செய்யுள் நினைவுக்கு, குறி கைக்கு, உரை அறிவுக்கு என்று மூன்றும் சேர்ந்தே நம் முன்னோரின் கணக்கு நடந்தது.

பழந்தமிழ்ப் பின்னங்களும் பிற குறிகளுமாக 51 குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுக்குரிய பெயர்களையும் அவை சுமந்த உறவுகளையும் யார் கற்பிப்பது? கணக்கதிகாரத்தைக் கணக்கு நூலென்று தமிழ் படித்த நாம் ஒதுக்குகிறோம். செய்யுள் நூலென்று கணக்குப் படித்தோர் ஒதுக்குகின்றனர். இருவரும் ஒரு வகுப்பறையில் அமர்ந்து அதைப் படிக்கத் தொடங்கினால், மாகாணி மீண்டும் ஒரு கூட்டலாக விளங்கும்.