டியூஷன் சாரின் நோட்டும் செயலியின் கணக்கும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் நம் ஊரில் இரண்டு வழி. தெருக்கோடி மாடியில் டியூஷன் எடுக்கும் சாரிடம் சேர்ப்பது, அல்லது போனில் ஒரு கற்றல் செயலியை இறக்கிப் பணம் கட்டுவது. எங்கே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள், ஃபீஸ் எவ்வளவு என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளையைப் பற்றி எதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அது யார் கைக்குப் போகிறது என்று விசாரிப்பவர்கள் அபூர்வம். அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

சாரின் சேர்க்கைப் படிவத்தில் பெயர், பள்ளி, அப்பாவின் தொழில், இரண்டு போன் நம்பர், போன பரீட்சை மார்க், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கும். சில இடங்களில் ஆதார் நகலும் கேட்கிறார்கள். கணக்கு சொல்லித்தர ஆதார் எதற்கு? படிவத்தில் இல்லாததும் சாருக்குத் தெரியும்: எந்த வீட்டில் சண்டை, எந்தப் பையன் சாப்பிடாமல் வருகிறான் என்பதெல்லாம். அது அவர் மனதோடு இருக்கும். நாளடைவில் மறந்தும் போகும்.

செயலி அப்பாவின் தொழிலைக் கேட்காமல் விடலாம். ஆனால் பிள்ளை எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள், எந்த வீடியோவை எந்த இடத்தில் நிறுத்தினாள், எந்தக் கணக்கில் எத்தனை முறை தவறினாள் என்று ஒவ்வொரு தொடுதலையும் அதனால் குறித்துவைக்க முடியும். பாடத்தை அவளுக்கேற்றபடி அமைக்க இது உதவும், மறுக்கவில்லை. அதே குறிப்பிலிருந்து, கணக்கில் திணறும் பிள்ளையின் வீட்டுக்கு எந்த நேரத்தில் போன் செய்தால் அடுத்த பாடத்திட்டத்தை விற்கலாம் என்றும் கணித்துவிடலாம்.

சார் விஷயத்தில் ஆபத்து கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. ஞாயிறு டெஸ்ட் முடிந்த இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வரும். வகுப்பிலுள்ள எல்லார் பெயரும் மார்க்கும் அதில் இருக்கும். முதல் மூன்று பேருக்குப் பச்சை, கடைசி ஐந்து பேருக்குச் சிவப்பு. மாதக் கடைசியில் ஃபீஸ் பாக்கி வைத்தவர்களின் பட்டியலும் அங்கேயே வரும். எதிர்வீட்டு அக்கா, வகுப்புத் தோழனின் அத்தை, எப்போதோ டியூஷனை விட்டுப் போன பிள்ளையின் பெற்றோர் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருப்பார்கள். மறுநாள் தெருவில் நடக்கும் பையனுக்கு, தன் பதினெட்டு மார்க் எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று தெரியும். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பிளக்ஸ் எழும். போட்டோ, பெயர், பள்ளி, மார்க் எல்லாம் நாற்சந்தியில் நிற்கும். பிள்ளைகளுக்கிடையே ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாமென்று தமிழக அரசே 2017-ல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்திக்கொண்டது. டியூஷன் சென்டர்கள் நிறுத்தவில்லை.

இருந்தாலும் சாரிடம் ஒரு வசதி உண்டு. அம்மா மாடியேறிப் போய், “சார், பையன் மார்க்க குரூப்ல போடாதீங்க, எனக்குத் தனியா அனுப்புங்க” என்று சொல்லலாம். தினமும் முகம் பார்க்கும் மனிதர். கொஞ்சம் சங்கடப்பட்டாலும் கேட்டுக்கொள்வார்.

செயலியிடம் போய் நிற்க மாடியில்லை. அமெரிக்காவின் ‘செக்’ என்ற கல்வி நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. அது பாடப்புத்தகங்களை வாடகைக்கு விட்டது, ஆன்லைனில் டியூஷனும் நடத்தியது. கல்வி உதவித்தொகை தேடித்தரும் சேவையில் மாணவர்களிடம் மதம், பூர்விகம், பிறந்த தேதி, பெற்றோர் வருமானம், உடல் குறைபாடு, பாலியல் நாட்டம் வரை கேட்டு வாங்கியது. இத்தனையும் இருந்த மேகக்கணினிச் சேமிப்புக்கு, முழு அதிகாரம் கொண்ட ஒரே கடவுச்சாவியை ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். வேலையை விட்டுப் போன ஒப்பந்தக்காரர் ஒருவர் 2018-ல் அதே சாவியால் உள்ளே புகுந்தார். சுமார் 4 கோடிப் பேரின் விவரங்கள் அம்பலமாயின. அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022 அக்டோபரில் நடவடிக்கை எடுத்தது. எதற்காக, எவ்வளவு காலம் விவரங்களை வைத்திருக்கிறீர்கள் என்று வரையறுங்கள், கேட்டவர்களுக்குக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள் என்று உத்தரவிட்டது. தன் மதமும் குடும்ப வருமானமும் வெளியே போய்விட்ட பிள்ளைக்கு அந்த உத்தரவு எதையும் திருப்பித் தரவில்லை. சார் குரூப்பில் போட்ட மார்க் ஒரு தெருவுக்குத் தெரிந்தது. இது யாருக்குத் தெரியும் என்றே யாருக்கும் தெரியாது.

இங்கேயும் 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர், பைஜூஸ் என்ற கற்றல் செயலி நிறுவனம் பிள்ளைகள், பெற்றோரின் போன் நம்பர்களை விலைக்கு வாங்கி விடாமல் துரத்துவதாகக் குற்றம் சாட்டினார். நிறுவனம் அதை மறுத்தது.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சாரையும் செயலியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. சாரின் காகித நோட்டு அதற்குள் வராது. அதையே போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டால் வந்துவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர் விவரத்தைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கல்வி நிறுவனங்களுக்குக் கற்பித்தலுக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் மட்டும் விதிகளில் விலக்கு உண்டு. விற்பனைக்கு அது நீளாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கும் வசதியையும் தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன; முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027-ல்தான் நடைமுறைக்கு வரும்.

என் கணக்கில் செயலியின் ஆபத்துதான் பெரிது, அளவிலும் ஆயுளிலும். ஆனால் பிள்ளை இன்றைக்கே அனுபவிக்கும் வேதனை குரூப்பில் இருக்கிறது. அதை நிறுத்த 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை: மார்க்கை அவரவர் வீட்டுக்குத் தனியாக அனுப்பலாம், படிவத்திலிருந்து ஆதாரை எடுத்துவிடலாம், வருடம் முடிந்ததும் குரூப்பையே கலைத்துவிடலாம். செயலியில் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. போனிலிருந்து செயலியை நீக்கினால் நிறுவனத்திடம் இருக்கும் கணக்கு போய்விடாது. கணக்கையும் விவரங்களையும் அழிக்கும்படி தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை. பதினேழு வயது பிளஸ் டூ மாணவிக்காகச் சம்மதம் சொல்வது பெற்றோர்தான். அவளைக் கேட்கச் சட்டம் வற்புறுத்தவில்லை. பிளக்ஸில் நிற்கப்போவது அவள் முகம். செயலியில் பதியப்போவது அவள் தடுமாறிய கணக்குகள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் வேண்டும். போட்டோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை என்று அவளே டிக் அடிக்கும் கட்டம்.