கிளைக் கலமும் அதனை ஆளும் புரதங்களும்

ஒருமுறை அம்மை கண்டவரை அந்நோய் மீண்டும் அணுகுதல் அரிது என்பது முன்னோர் அறிந்த உண்மை. அதனை அடியாகக் கொண்டு 1796இல் ஜென்னர் வகுத்த அம்மைப்பால் குத்தும் முறை 1802இல் இலங்கைக்கும் வந்தது. எனினும், உடலுட் புகுந்த பகையைக் கண்டு ஏனைக் கலங்களுக்கு அறிவிப்பது யாது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது.

1868இல் பேர்லினில் மருத்துவ மாணவராயிருந்த லாங்கர்கான்ஸ் தோலிலே கிளைவிட்ட கலங்களைக் கண்டார். ஆயின் அவற்றை நரம்பைச் சார்ந்தவை எனக் கருதினார். 1973இல் நியூயோர்க் நகரின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்டைன்மன், சன்வில் கோன் என்னும் இருவர் எலியின் மண்ணீரலிலே கிளைவிட்ட புதுவகைக் கலங்களைக் கண்டு, மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'டென்றிற்றிக் கலம்' எனப் பெயரிட்டனர். மண்ணீரற் கலங்களுள் அவை நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. அத்துணைச் சிறுபான்மையான கலத்திற்குப் பெரும் பணி உண்டென்பதை அறிஞர் பலர் எளிதில் ஏற்றிலர். 1978இல், பகையை எதிர்க்கும் நிணநீர்க் கலங்களைத் தூண்டுவதில் அவை ஏனையவற்றினும் மிக வல்லவை என்பதை ஸ்டைன்மன் சோதனையாற் காட்டினார்.

பகையைக் காண்டல் மட்டும் போதாது. எதிர்ப்பதா, அடங்குவதா என்னும் ஆணையும் வேண்டும். அவ்வாணையைச் சுமப்பன கலங்கள் சுரக்கும் சிறு புரதங்களாம். 1957இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகியோர் கண்ட இன்டர்பெரோன், வைரசு புகுந்த வேளையிற் கிளைக் கலத்துக்கு விழிப்பூட்டுகின்றது. இன்டர்லூக்கின்-10 என்பதோ அதனை அடக்குகின்றது. விழிப்புக் குன்றின் நோய் வெல்லும். அடக்கம் குன்றின் உடல் தன்னையே தாக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சமநிலையே நலமாகும்.

1992இல், வெண்கலங்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றைக் கொண்டு எலியின் எலும்பு மச்சையிலிருந்து இக்கலங்களைப் பெருந்தொகையாக வளர்க்கும் வழி பிறந்தது. 1998இல் புரூஸ் பொய்ட்லர் குழுவினர், பற்றீரியாவின் நஞ்சை உணராத எலிகளை ஆராய்ந்து, அந்நஞ்சை உணரும் புரதத்தின் பரம்பரையலகு அவற்றிற் பழுதுபட்டிருந்ததைக் கண்டனர்.

கணையப் புற்றுநோயுற்ற ஸ்டைன்மன், தம் கிளைக் கலங்களைக் கொண்டு ஆக்கிய மருந்தைத் தம்முடலிலே ஏற்றுக்கொண்டார். அதனால் அவர் ஆயுள் நீண்டதா என்பதை ஒருவரை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. 2011 செப்டெம்பர் 30இல் அவர் மறைந்தார். அதனை அறியாத நோபல் குழு ஒக்டோபர் 3இல் பரிசின் பாதியை அவருக்கும், மறுபாதியைப் பொய்ட்லர், ஜூல் ஹொப்மன் ஆகியோருக்கும் அறிவித்தது. இறந்தோர்க்குப் பரிசளித்தல் விதியன்று. எனினும் அறியாது அளித்த அப்பரிசு மாற்றப்படவில்லை. நூற்றில் ஒன்றெனப் புறக்கணிக்கப்பட்ட கலத்தின் பெருமையை உலகம் ஒப்புக்கொள்ள 38 ஆண்டுகள் சென்றன.