சிகாகோ வளர்த்த சட்டப் பொருளியல்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 1902-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதில் என்ன கற்பிப்பது என்பதிலேயே ஒரு வழக்கு நடந்தது. அரசியல் அறிவியலில் ஊறிய எர்ன்ஸ்ட் ஃபிராய்ண்ட், சட்ட மாணவர்கள் சட்டத்தோடு பிற சமூக அறிவியல்களையும் படித்தாக வேண்டும் என்று வாதாடினார். ஹார்வர்டிலிருந்து இரவலாக வந்து முதல் டீனாகப் பொறுப்பேற்ற ஜோசப் பீல் அதற்கு உடன்படவில்லை. சட்டப் பள்ளி சட்டத்தை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அன்று பீலின் சொல்லே எடுபட்டது. ஃபிராய்ண்ட் கேட்டது கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆயினும் சட்டப் பொருளியல் என்ற நமது துறையின் பிறப்பை எழுதும்போது அவருடைய பெயரிலிருந்து தொடங்குவதே முறை.

1937-இல் சட்டப் பள்ளி நான்காண்டுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கணக்கியலும் பொருளியலும் அதில் இடம்பெற்றன. வில்பர் கட்ஸ், இளம் விரிவுரையாளராயிருந்த எட்வர்ட் லெவி ஆகியோரின் முயற்சி அதன் பின்னே இருந்தது. பாடத்திட்டம் கிடைத்தது, கற்பிக்க ஆள் வேண்டுமே? அப்படி வந்தவர்தான் ஹென்றி சைமன்ஸ். சட்டப் பள்ளியில் இடம்பெற்ற முதல் பொருளியலாளர் அவரே. 1927-இல் தம் ஆசிரியர் ஃபிராங்க் நைட்டைத் தொடர்ந்து ஐயோவாவிலிருந்து சிகாகோ வந்த சைமன்ஸுக்குப் பொருளியல் துறையில் நிம்மதி இல்லை. அதிகம் எழுதி வெளியிடாதவருக்கு எதற்குப் பதவி என்று அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. சட்டப் பள்ளி அவரை அரவணைத்துக்கொண்டது. 1945-இல்தான் முழுப் பேராசிரியரானார். போட்டியைக் காக்கும் சட்டங்களை ஆராய ஒரு நிறுவனம் வேண்டும், அதை நடத்த ஆரன் டைரக்டரை அழைக்க வேண்டும் என்று திட்டம் தீட்டியவரும் அவரே. திட்டம் கைகூடும் வேளையில், 1946 ஜூனில், தம் 46-ஆம் வயதில் சைமன்ஸ் மறைந்தார். முதல் பொருளியலாளரை இழந்த அதே ஆண்டில் இரண்டாமவரைச் சட்டப் பள்ளி வரவேற்றது.

ஆரன் டைரக்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இன்று உக்ரைனில் இருக்கும் ஒரு சிற்றூரில் 1901-இல் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்குக் குடியேறியவர். அங்கு உடன் படித்த நண்பர் ஒருவரோடு யேல் பல்கலைக்கழகம் சென்று, இருவரும் சேர்ந்து அங்கே ஒரு நையாண்டிப் பத்திரிகை நடத்தினார்கள். அந்த நண்பர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் மார்க் ராத்கோ. டைரக்டர் படிப்பை முடித்து, நிலக்கரிச் சுரங்கத்தில்கூட வேலை பார்த்து, 1927-இல் தொழிலாளர் பொருளியல் படிக்கச் சிகாகோ வந்தார். முனைவர் பட்டம் பெறவே இல்லை. அவருடைய தங்கை ரோஸ், பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மனை மணந்தார். பொருளியலாளர் ஹயக்கின் 'அடிமைத்தனத்துக்கு இட்டுச்செல்லும் பாதை' 1944-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக அமெரிக்காவில் வெளிவர உதவியவர்களில் டைரக்டரும் ஒருவர். அவரைச் சட்டப் பள்ளிக்குக் கொண்டுவர ஹயக்கும் பாடுபட்டார். கேன்சஸ் நகரத்து வோல்கர் நிதியம் பொருளுதவி தந்தது.

ஏகபோகத் தடைச் சட்டப் பாடத்தை லெவியும் டைரக்டரும் சேர்ந்து நடத்தினார்கள். வாரத்தில் நான்கு நாள் லெவி வழக்குகளை ஒன்றோடொன்று இணைத்து, நீதிபதிகள் சொன்னதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு கற்பித்துக் காட்டுவார். ஐந்தாம் நாள் டைரக்டர் வந்து, நான்கு நாளாகக் கேட்டது எதுவும் பொருளியலுக்கு முன் நிற்காது என்று அமைதியாக நிறுவுவார். அந்த வகுப்பில் இருந்தவர்கள் முதுமையிலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் கட்டுவதும் மற்றவர் பிரிப்பதுமான இந்த ஏற்பாட்டுக்கு லெவி மனமுவந்து இடங்கொடுத்தார் என்பதை வருங்காலத்தவர் மறக்கலாகாது. தாம் நான்கு நாள் நடத்திய பாடத்தை மாணவர் முன்னிலையில் ஐந்தாம் நாள் மறுக்க விடும் பேராசிரியரை வேறெங்கும் எளிதில் காண இயலாது.

டைரக்டரின் முறைக்கு ஓர் உதாரணம். ஐபிஎம் நிறுவனம் தன் கணக்கு இயந்திரங்களை வாடகைக்கு விட்டது. துளையிடும் அட்டைகளையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. இயந்திரத்தில் உள்ள ஆதிக்கத்தை அட்டைச் சந்தைக்கும் நீட்டுகிறது என்று கருதி 1936-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாது என்றது. டைரக்டர் ஒரு கேள்வி கேட்டார்: வாடிக்கையாளர் இயந்திரத்துக்கும் அட்டைக்கும் சேர்த்துத் தரச் சம்மதிக்கும் தொகை ஒன்றுதானே, அட்டையில் கூட்டினால் இயந்திரத்தில் குறைக்கவேண்டி வராதா? பிறகு அவரே விடையும் தந்தார். இயந்திரத்தை அதிகம் ஓட்டுபவருக்கு அட்டையும் அதிகம் செலவாகும். ஆக, அட்டை என்பது இயந்திரத்தின் உழைப்பை எண்ணும் மீட்டர். அதிகம் பயன்பெறுபவரிடம் அதிகம் வசூலிக்கும் வழி அது. இந்த விளக்கத்தை டைரக்டர் எழுதவில்லை. அவரிடம் கற்ற வார்ட் போமன் 1957-இல் எழுதினார். எதிராளியை நசுக்க ஸ்டாண்டர்டு ஆயில் விலையை அடிமாட்டு மட்டத்துக்கு இறக்கியது என்ற நெடுநாள் நம்பிக்கையை, டைரக்டரின் யோசனைப்படி, ஜான் மக்கீ அந்நிறுவனத்தின் மீதான வழக்கின் சாட்சியப் பதிவுகளைப் புரட்டிச் சோதித்தார். போட்டியாளர்களை நல்ல விலைக்கு வாங்கிப்போட்டதற்கே ஆதாரம் மிகுதியாகக் கிடைத்தது. ராபர்ட் போர்க்கும் ஹென்றி மேனும் அதே வகுப்பறையிலிருந்து வந்தவர்களே. தம் கருத்தை மாணவர் பெயரில் வெளிவர விட்டு ஒதுங்கி நின்றவரின் தியாகத்தின்மேல் நிற்கிறது நமது துறை.

1958-இல் டைரக்டர் 'சட்டம், பொருளியல் ஆய்விதழ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். துறைக்கென்று வந்த முதல் ஆய்விதழ் அது. மக்கீயின் கட்டுரை முதல் தொகுதியிலேயே வந்தது.

அடுத்த ஆண்டு அவ்விதழுக்கு வர்ஜீனியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ரொனால்ட் கோஸ் என்ற ஆங்கிலேயர். 1910-இல் லண்டன் புறநகர் வில்ஸ்டனில் பிறந்து, கால்களில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளியில் படித்தவர். வானொலி அலைவரிசைகளை அரசு இலவசமாகப் பங்கிடுவதைவிட ஏலம் விடுவதே முறை என்று எழுதியிருந்தார். அன்று அது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றியது. அமெரிக்கா 1994-இல் அலைவரிசை ஏலத்தைத் தொடங்கியது. இந்தியா 2010-இல் 3ஜி அலைவரிசையை ஏலம் விட்டபோது நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் அது தலைப்புச் செய்தியானது.

அக்கட்டுரையில் ஒரு பகுதி தவறு என்று சிகாகோப் பொருளியலாளர்கள் கருதினார்கள், நீக்கிவிடச் சொன்னார்கள். கோஸ் மறுத்தார், நேரில் பேச வருகிறேன் என்றார். 1960-இல் டைரக்டரின் வீட்டில் இரவு விருந்துக்குப் பின் விவாதம் தொடங்கியது. ஃபிரீட்மன், ஸ்டிக்லர், ஹார்பர்கர் என்று சுமார் இருபது பேர் ஒரு பக்கம், கோஸ் தனியாக மறுபக்கம். இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் கோஸின் பக்கம் வந்திருந்தார்கள் என்று ஸ்டிக்லர் எழுதிவைத்திருக்கிறார். பேசியதை அப்படியே எழுதித் தரச் சொன்னார்கள். 'சமூகச் செலவின் சிக்கல்' என்ற கட்டுரை அப்படிப் பிறந்தது.

அதன் மையத்தில் 1879-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேய வழக்கு இருக்கிறது. லண்டன் விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர் இரண்டு உரல்களில் இடித்து வந்தார். ஓர் உரல் அங்கே வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பின்கட்டை ஒட்டிய விம்போல் தெரு வீட்டுக்கு ஒரு மருத்துவர் வந்தார். எட்டாண்டு கழித்துத் தோட்டத்தின் கோடியில், மிட்டாய்க்காரரின் சமையற்கட்டுச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். உரல் அதிர்வில் மார்பொலி கேட்கமுடியவில்லை என்று வழக்குப் போட்டார். மருத்துவர் ஜெயித்தார். யார் யாருக்குத் தீங்கு செய்தார் என்று கோஸ் கேட்கவில்லை. உரலை நிறுத்தினால் மிட்டாய்க்காரருக்கு நஷ்டம், நிறுத்தாவிட்டால் மருத்துவருக்கு நஷ்டம். எது பெரிது என்று கேட்டார். பேரம் பேச இருவருக்கும் செலவே இல்லையென்றால், தீர்ப்பு எவர் பக்கம் இருந்தாலும் அதிக மதிப்புள்ள பயனே நிலைக்கும். பணம் எவர் பைக்குப் போகும் என்பது மட்டும் மாறும். ஆனால் உலகில் பேரத்துக்குச் செலவு உண்டு. ஆகவேதான் நீதிமன்றம் உரிமையை யாரிடம் கொடுக்கிறது என்பது முக்கியமாகிறது. முதல் பாதியைக் 'கோஸ் தேற்றம்' என்று பெயரிட்டு ஸ்டிக்லர் 1966-இல் பாடநூலில் சேர்த்தார். இரண்டாம் பாதியைச் சொல்லவே கோஸ் அந்தக் கட்டுரையை எழுதினார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அதே காலத்தில் யேலில் குய்டோ கலப்ரேசி விபத்துச் சட்டத்தைப் பொருளியல் கண்ணால் பார்த்து, கோஸை அறியாமலே, 1961-இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அவருடைய 'விபத்துகளின் செலவு' 1970-இல் வந்தது. சிகாகோவின் கதையில் யேலுக்கும் ஒரு பக்கம் கொடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

கோஸ் 1964-இல் சிகாகோவுக்கே வந்து, டைரக்டரிடமிருந்து ஆய்விதழை ஏற்று, 1982 வரை நடத்தினார். கரும்பலகையில் எழுதும் பொருளியல் போதாது, போய்ப் பார்த்து எழுதுங்கள் என்பது அவர் ஆசிரியக் கொள்கை. ஆப்பிள் தோட்டக்காரரும் தேனீ வளர்ப்பவரும் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்கு விலை வாங்கமுடியாது என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. ஸ்டீவன் சங் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய் விசாரித்தபோது அங்கே அதற்கு ஒப்பந்தங்களே இருந்தன. ஆப்பிள் பூவில் தேன் குறைவு என்பதால் தோட்டக்காரர் தேனீக்காரருக்குப் பணம் தருகிறார். தேன் மிகுந்த தீவனப் பயிர் வயலென்றால் தேனீக்காரர் நிலத்துக்காரருக்குத் தருகிறார். 1973-இல் அந்த இதழில் வந்த கட்டுரை இது. மறு ஆண்டு கோஸே கலங்கரை விளக்கங்களைப் பற்றி எழுதினார்.

குற்றவியல் சட்டத்துக்குப் பொருளியலைக் கொண்டுவந்தவர் கேரி பெக்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகக் காரில் வந்தவர், கட்டண நிறுத்தத்துக்குப் போகாமல், அபராதம் விழும் வாய்ப்பையும் தொகையையும் மனத்துக்குள் கணக்கிட்டுத் தெருவிலேயே வண்டியை விட்டார். தேர்வில் முதல் கேள்வியே அதுதான். பாவம் அந்த மாணவர். 1968-இல் 'குற்றமும் தண்டனையும்' கட்டுரை வந்தது. 1970-இல் பெக்கர் சிகாகோ திரும்பினார்.

எழுபதுகள் ரிச்சர்ட் போஸ்னருக்கு உரியவை. டைரக்டர் 1965-இல் ஓய்வுபெற்றுக் கலிஃபோர்னியா சென்றவர், 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் அவ்விளைஞரைச் சந்தித்தார். மறு ஆண்டே போஸ்னர் சிகாகோவில் இருந்தார். 1972-இல் 'சட்ட ஆய்விதழ்' என்ற இரண்டாம் இதழைத் தொடங்கினார். 1973-இல் 'சட்டத்தின் பொருளியல் பகுப்பாய்வு' நூல் வந்தது. ஏகபோகத் தடையோடு நின்றிருந்த துறை, ஒப்பந்தம், சொத்து, குடும்பம், குற்றம், விசாரணை நடைமுறை என்று சட்டத்தின் எல்லா அறைகளுக்குள்ளும் புகுந்தது அந்த நூலில்தான்.

போஸ்னரின் முதல் சான்று ஒரு படகு வழக்கு. 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் 'அன்னா சி' என்ற சரக்குப் படகு கட்டவிழ்ந்து, ஒரு டேங்கர் கப்பலின் சுழலியில் மோதி, மாவு மூட்டைகளோடு மூழ்கியது. படகுக் காவலாளி 21 மணி நேரமாகப் படகில் இல்லை. அது கவனக்குறைவா? நீதிபதி லேர்னட் ஹேண்ட் 1947-இல் மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சூத்திரத்தில் விடை சொன்னார்: விபத்தின் வாய்ப்பை இழப்பின் அளவால் பெருக்கிவரும் தொகையைவிட முன்னெச்சரிக்கைச் செலவு குறைவென்றால், அதைச் செய்யாதது கவனக்குறைவே. 1875 முதல் 1905 வரையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் 1,500-க்கு மேல் படித்து, நீதிபதிகள் வாய்விட்டுச் சொல்லாமலே இக்கணக்கைத்தான் போட்டு வந்திருக்கிறார்கள் என்று போஸ்னர் வாதிட்டார்.

துறையை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்றவர் ஹென்றி மேன். 1971 கோடையில் ராச்செஸ்டரில் சட்டப் பேராசிரியர்களுக்கான பொருளியல் முகாமையும், 1976-இல் கூட்டாட்சி நீதிபதிகளுக்கான முகாமையும் தொடங்கினார். மியாமி, எமரி, ஜார்ஜ் மேசன் என்று இடம் மாறினாலும் முகாம்கள் நிற்கவில்லை. 1990-க்குள் கூட்டாட்சி நீதிபதிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் அவற்றில் பயின்றிருந்தார்கள்.

நீதிமன்றமும் செவிசாய்த்தது. விற்பனையாளர் எங்கே விற்கலாம் என்று உற்பத்தியாளர் வரம்பிடுவது தன்னளவிலேயே குற்றம் என்று 1967-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 1977-இல் சில்வேனியா தொலைக்காட்சி வழக்கில் அந்த நிலையைக் கைவிட்டு, வரம்பின் விளைவைப் பார்க்கவேண்டும் என்றது. 1967 வழக்கில் அரசின் சார்பில் வாதாடியவர் போஸ்னர். பத்தாண்டுக்குள் அத்தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தவரும் அவரே. ஏகபோகத் தடைச் சட்டம் பற்றிய போர்க்கின் நூல் 1978-இல் வந்தது. 1981-இல் போஸ்னரும் 1985-இல் ஃபிராங்க் ஈஸ்டர்புரூக்கும் சிகாகோவில் அமர்ந்த ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகளானார்கள். வில்லியம் லாண்டஸ் சட்டப் பள்ளியிலேயே இருந்து போஸ்னரோடு சேர்ந்து எழுதினார்.

பிறகு பட்டங்களின் காலம். ஸ்டிக்லருக்கு 1982-இல் பொருளியல் நோபல், கோஸுக்கு 1991-இல், பெக்கருக்கு 1992-இல். அதே 1991-இல் அமெரிக்கச் சட்டப் பொருளியல் சங்கம் உருவாகி, கோஸ், கலப்ரேசி, மேன், போஸ்னர் ஆகிய நால்வரையும் துறையின் நிறுவனர்களாகக் கௌரவித்தது. டைரக்டர் அப்போது தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தார்.

1998-இல் கிறிஸ்டீன் ஜால்ஸ், காஸ் சன்ஸ்டைன், ரிச்சர்ட் தேலர் மூவரும், மனிதர்கள் எப்போதும் கணக்குப் பார்த்தே நடப்பதில்லை என்ற உளவியல் உண்மையைச் சட்ட ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். சன்ஸ்டைனும் தேலரும் அப்போது சிகாகோப் பேராசிரியர்களாக இருந்தார்கள். வீட்டுக்குள் எழுந்த மாற்றுக்குரலையும் வீடு ஏற்றது. டைரக்டர் 2004 செப்டம்பரில் 102 வயதில், 103-ஆம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், காலமானார். கோஸ் சீனப் பொருளாதாரத்தைப் பற்றிய தம் கடைசி நூலை, நிங் வாங்குடன் சேர்ந்து, 2012-இல் வெளியிட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் அதே 102 வயதில் மறைந்தார். சிகாகோச் சட்டப் பள்ளியின் சட்டப் பொருளியல் நிறுவனம் கோஸ்-சாண்டர் என்ற பெயரைத் தாங்குகிறது. போஸ்னர் 2017-இல் நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். அவ்வாண்டின் பொருளியல் நோபல் தேலருக்குக் கிடைத்தது.