கல் வந்த வழியே ஒரு பயணம்

சீனாவுக்கு நான் இன்னும் சென்றதில்லை. செல்லவேண்டும் என்ற ஆவல் மட்டும் நெடுநாளாக உண்டு. பெருஞ்சுவரோ ஷங்காய் நகரத்து வானளாவிகளோ என்னை அழைக்கவில்லை. நான் காண விரும்புபவை நாஞ்சிங், குவான்சோ என்னும் இரு நகரங்கள். அந்த ஆவலை மூட்டியது கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கும் ஒரு கல்.

1911 இல் காலி நகரில், மதகொன்றை மூடிக் குப்புறக் கிடந்த இக்கல்லைத் தோம்லின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தபோது சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்துக்கள் இருந்தன. மிங் பேரரசன் யுங்லோவின் பெயரால் 1409 பெப்ரவரித் திகதியிட்டுப் பொறிக்கப்பட்ட இச்சாசனத்தைக் கடற்தளபதி செங் ஹே தமது மூன்றாவது கடற்பயணத்தின்போது கொண்டுவந்து நாட்டினார். சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை, அதாவது இன்று தெவிநுவர எனப்படும் தென்முனையில் கோயில் கொண்டிருந்த திருமாலைப் போற்றுகிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. மூன்று சமயத்தாருக்கும் பொன் 1000, வெள்ளி 5000 என ஏறக்குறைய ஒரே அளவான காணிக்கைகள்.

சிங்களம் ஏன் இல்லை என்று கேட்போர் உளர். இக்கல்லைக் கொண்டு தென்னிலங்கையை யார் ஆண்டார் என்று வாதிடுவது வீண் வேலை. துறைமுகத்தில் எந்த மொழியில் பேரம் பேசப்பட்டது என்பதையே அது கூறுகிறது.

என்னை அலைக்கழிப்பது வேறொரு கேள்வி. கல்லின் திகதி, கடற்படை புறப்படுவதற்கு முந்தியது. ஆகவே அது சீனத் தலைநகரான நாஞ்சிங்கிலேயே பொறிக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அப்படியாயின், பேரரசனின் வாக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் யார்? அங்கு குடியிருந்த வணிகரா, கப்பலில் சென்ற துபாஷியா?

விடையின் ஒரு நுனி குவான்சோவில் இருக்கக்கூடும். மார்க்கோ போலோவும் இபுனு பதூதாவும் சைத்தூன் என்று குறித்த துறைமுகம் அது. அங்கு கிடைத்த 1281 ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம், செகாசைக்கான் என்பவரின் ஆணைப்படி, அவருடைய உடல்நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. அதன் இறுதியில் சீன எழுத்து வரியொன்றும் உண்டு. அந்நகரின் கையுவான் பௌத்த விகாரையில், இரணியனைக் கிழிக்கும் நரசிங்கமும் மருத மரங்களிடையே கண்ணனும் செதுக்கப்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. 1357 முதல் 1366 வரை அங்கு நிகழ்ந்த கிளர்ச்சியோடு அந்நிய வணிகரின் வாழ்வு குலைந்தது. கோயிற் கற்கள் பல, நகர மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் போயின. காலிக் கல் மதகுக்குப் போனது போலத்தான். தேனாவரைக் கோயிலையோ 1588 இல் போர்த்துக்கேயர் தரைமட்டமாக்கினர்.

நாஞ்சிங்கில் செங் ஹேயின் கப்பல்கள் கட்டப்பட்ட இடத்தையும் பார்க்கவேண்டும். 1957 இல் அங்கே சுமார் 11 மீற்றர் நீளமான சுக்கான் தண்டு ஒன்று கிடைத்தது. அக்கப்பல்களின் பருமனை ஊகிக்க அது ஒன்றே போதும். செங் ஹேயைச் சமாதானத் தூதராகவே இப்போதைய மேடைப் பேச்சுகள் காட்டுகின்றன. காணிக்கை தந்த அதே பயணத்தில்தான், அவருடைய படை அழகக்கோனாரைச் சிறைப்பிடித்து 1411 இல் நாஞ்சிங்குக்குக் கொண்டுசென்றது. பேரரசன் பின்னர் அவரை விடுவித்தான் என்பது உண்மையே. ஆயினும், தன் நாட்டில் கைதியாகிக் கடல் கடந்து வந்த அம்மனிதர் அந்நகர வீதிகளை எந்தக் கண்களால் பார்த்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இலங்கையர் ஒருவர் நாஞ்சிங் செல்வதாயின் இதனையும் நினைவில் கொண்டு செல்வதே முறை.

பயணம் எப்போது கைகூடும் என்று சொல்வதற்கில்லை. வயதும் செலவும் குறுக்கே நிற்கின்றன. கைகூடினால், சேனரத் பரணவிதான பதிப்பித்த காலிச் சாசனத் தமிழ்ப் பகுதியின் பிரதியொன்று என் பையில் இருக்கும். 1281 க்கும் 1409 க்கும் இடையே 128 ஆண்டுகள். இரண்டின் எழுத்துக்களையும் அருகருகே வைத்து, றகரமும் ணகரமும் எவ்வாறு வளைகின்றன என்று ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.