புள்ளிக்குப் பின்னால் ஒரு குத்தகை

2007 இல் இறக்காமத்துப் பிரதான வீதியில் ஒரு சின்ன கொமியூனிகேஷன் வைத்திருந்தேன். ஒரு போட்டோ கொப்பி மெஷின், இரண்டு கொம்பியூட்டர், ஒரு சிடிஎம்ஏ போன், அவ்வளவுதான். ரைஸ் மில் ஹாஜியார் ஒருவர் அரிசிப் பைக்கு லேபல் அடிக்க வந்த நேரம், அவருக்கு ஒரு இணையப் பெயரை விற்றுவிடலாம் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இதுக்கு உறுதி இருக்கா தம்பி?"

"உறுதி இல்ல ஹாஜியார். வருஷா வருஷம் காசு கட்டணும்."

"கட்டாட்டி?"

"போயிரும். வேற ஆள் எடுத்திருவான்."

"அப்ப இது காணியில்ல மனெ, குத்தகை. குத்தகைக் காணியில ஆராவது தென்னம்பிள்ளை வெப்பானா? நீ லேபல மட்டும் அடிச்சித் தா."

வயல்காரர் ஊரில் காணி என்றால் முதல் கேள்வி உறுதியா, பெமிட்டா என்பதுதான். அந்தக் கேள்வியை ஹாஜியார் இணையத்திடமும் கேட்டுவிட்டார். அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்கு விளங்க மூன்று வருடம் பிடித்தது.

இணையப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருவதைக் கடையில் நாங்கள் 'வால்' என்போம். முதல் வால்கள் 1985 இல் வந்தவை. டொட் கொம் அவற்றில் ஒன்று. பத்து வருடம் யாரும் அதற்குக் காசு கேட்கவில்லை. 1995 செப்டெம்பரில்தான் அமெரிக்காவில் பதிவை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், இரண்டு வருடத்துக்கு 100 டொலர் என்று வாங்கத் தொடங்கியது. காசு வந்ததும் தரகரும் வந்தார்கள். 1997 இல் ஒன்றரை இலட்சம் டொலருக்குக் கைமாறிய பிஸ்னஸ் டொட் கொம், 1999 இல் 75 இலட்சம் டொலருக்கு விலைபோனது. ஏதோ ஒரு சஞ்சிகையில் அந்தக் கதையைப் படித்துத்தான் நானும் இதில் இறங்கினேன்.

நல்ல கொம் பெயர்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தன. மிஞ்சியது மாற்று வால்கள். 2001 இல் வந்த டொட் இன்ஃபோவை முதல் வருடத்துக்கு ஒரு டொலருக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரரை நினைத்து, ஹோட்டல், படகு, அறை என்று பதினொரு பெயர் எடுத்தேன். என்னிடம் கார்ட் இல்லை. கத்தாரில் இருந்த மச்சான்தான் கட்டினான். அடுத்த வருடம் புதுப்பிக்கும் கடிதம் வந்தது: ஒன்றுக்குப் பத்து டொலர். விற்றவர்கள் அதை முதலிலேயே எழுதித்தான் இருந்தார்கள், பொடி எழுத்தில், கீழே. டொலர் நூற்றுப்பத்து ரூபாய் அளவில் இருந்த காலம் அது. பன்னிரண்டாயிரம் ரூபாய்.

இடையில் பொத்துவிலிலிருந்து ஒருவர் போன் எடுத்து ஒரு பெயருக்கு விலை கேட்டார். ஐம்பதாயிரம் என்றேன். சிரித்துவிட்டு வைத்தார். பிறகு பார்த்தால் அதே பெயரின் நடுவே ஒரு சின்னக் கோடு போட்டு, கொம் வாலோடு எடுத்திருந்தார். காணியைப் போல இணையப் பெயரும் அரிதான பொருள் என்று நினைத்தவன் நான். பக்கத்து வாலில் ஒரு கோட்டோடு அதே பெயர் சும்மா கிடக்கும் என்ற புத்தி எனக்கு வரவில்லை.

ஆனால் வாலால் பணக்காரர் ஆனவர்களும் உண்டு. அவர்கள் தரகர் அல்லர், நாடுகள். பசிபிக்கில் துவாலு என்ற தீவுக்கு நாட்டுக் குறியீடு டிவி என்று விழுந்தது. அந்த வாலைக் குத்தகைக்கு விட்டு வந்த காசில்தான் 2000 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தார்கள். கரீபியனில் அங்குயிலாவுக்கு ஏஐ விழுந்தது. செயற்கை நுண்ணறிவு அலையில் 2023 இல் மட்டும் அவர்களுக்கு 3 கோடி டொலருக்கு மேல் வந்தது, அரசின் வருமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இலங்கைக்கு 1990 இல் எல்கே கிடைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கிஹான் டயஸ் போன்றோர் அதைக் கட்டிக் காத்தார்கள். ஆங்கிலத்தில் எல்கே என்றால் எந்தச் சொல்லும் நினைவுக்கு வராது. அது நம் அதிர்ஷ்டம்.

பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியமான வால். அதற்கு முன், பெயர் முழுவதும் ஆங்கிலத்தின் 26 எழுத்து, பத்து இலக்கம், ஒரு சின்னக் கோடு ஆகியவற்றுக்குள் அடங்கவேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயும் கூட இருந்தவர்களும் 1998 வாக்கில் இந்த வேலியை உடைக்கத் தொடங்கினார்கள். 2003 இல் அதற்கு உலகப் பொது முறை வந்தது: திரையில் தமிழ் தெரியும், உள்ளே எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கிலக் குறியீடு ஓடும். 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு பரிசோதனை வால்களை விட்டது. தமிழுக்கு 'உதாரணம்.பரிட்சை'. பரீட்சை என்று எழுதி வளர்ந்த நமக்கு அந்தக் குறில் உறுத்தும். பரீட்சையிலேயே எழுத்துப்பிழை.

2010 மே 5 ஆம் திகதி எகிப்து, சவூதி, அமீரகம் மூன்றும் அரபு வால்களோடு வந்தன. அதே வருடத்தில் இலங்கைக்கும் இரண்டு: சிங்களத்தில் 'லங்கா', தமிழில் '.இலங்கை'. அடுத்த வருடம் சிங்கப்பூரும் இந்தியாவும் தமிழ் வால் பெற்றன. நாடுகளின் தமிழ் வால்களில் நமதுதான் முதல். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியது காரியாலயப் பலகையில் எத்தனை இடத்தில் பிழையாகக் கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லா வால்களும் பதியப்படும் இணையத்தின் வேரில் தமிழ் பிழையில்லாமல் ஏறிவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குள் பதினொரு இன்ஃபோவையும் கைவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை ஹாஜியாரின் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "இலங்கை எண்டு அடி" என்றேன். அவன் அடித்தான். முகவரிப் பெட்டியில் ஒரு காற்புள்ளி, ஆங்கில வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் வந்து நின்றன. பாமினி. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே தட்டச்சு அதுதான். கலியாணக் கார்டும் ஜனாஸா அறிவித்தலும் பாமினியில்தான். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. முகவரிப் பெட்டியில் அந்த எழுத்துரு இல்லை, சட்டை கழன்றுவிட்டது. யூனிகோட் விசைப்பலகைக்கு 2008 இலேயே இலங்கைத் தரநிர்ணயம் வந்திருந்தது, ரெங்கநாதன் முறையில். எங்கள் வீதியில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கும்தான்.

தமிழ் வால் தோற்றது என்று சொல்பவர்களுக்கு நான் இந்த ஆறு குறிகளைத்தான் சொல்வேன். வால் சரியாகத்தான் வந்தது. அதை அடிக்கத் தெரிந்த விரல் வரவில்லை. விரல் வந்தபோது, ஸ்மார்ட் போனில் தமிழ் ஒட்டிக்கொண்டு வந்தபோது, கடைகள் எல்லாம் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் போய்விட்டன. வியாபாரிகள் இதை முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள். 2012 இல் ஐகான் புது வால்களைத் திறந்தபோது, ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 டொலர், 1930 விண்ணப்பம் குவிந்தது. கொம் வைத்திருக்கும் வெரிசைன், கொம்மை இந்தி, தாய், ஹீப்ரு, அரபு எழுத்துகளில் எல்லாம் கேட்டது. தமிழில் கேட்கவில்லை.

கேட்காத இடத்தில் வேறு வால் வியாபாரிகள் வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஒரு பையன் வந்தான், பிளொக்செயின் வாலாம், ஒரு தடவை கட்டினால் ஆயுளுக்கும் சொந்தமாம், உறுதிக் காணியாம். அவனுக்கு 1997 கதையைச் சொன்னேன். யூஜின் காஷ்புரெஃப் என்ற அமெரிக்கர் ஆல்ட்டர்நிக் என்று தனி வேர் வைத்து, தன் சொந்த வால்களை விற்றார். அந்த ஜூலையில் பதிவு நிறுவனத்தின் தளத்துக்குப் போகிறவர்களைத் தன் பக்கம் திருப்பிவிட்டு வழக்கில் மாட்டினார். உலகத்தின் வேரில் இல்லாத வால், நம் வீட்டுக்குள் மட்டும் செல்லும் தாள் போல. பையன் தலையாட்டிவிட்டு, வாங்கத்தான் செய்தான்.

தமிழ் முகவரியில் மின்னஞ்சல் அனுப்பும் முறையும் 2012 முதல் இருக்கிறது. ஆனாலும் எத்தனையோ விண்ணப்பப் படிவங்கள் 'செல்லுபடியாகாத முகவரி' என்று சிவப்பில் காட்டும். ஒரு தடவை பிள்ளையின் விண்ணப்பத்துக்கு அப்படி மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் பழைய ஆங்கில முகவரியைத்தான் போட்டேன்.

ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். மில்லை மகன் பார்க்கிறான். '.இலங்கை' வாலோடு எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. என்ன பெயர் என்று சொல்லமாட்டேன், தரகன் புத்தி போகாது. போன மாதம் மில்லில் நின்றபோது அந்த மகனின் போனில் அதை அடிக்கச் சொன்னேன். கட்டைவிரலால் மூன்று விநாடியில் அடித்தான், திறந்தது. குத்தகைக் காசு கட்டும் நாள் ஒவ்வொரு வருடமும் பெரும்போகம் வெட்டி முடிந்த பிறகு வரும். இந்த வருடமும் கட்டிவிட்டேன்.